பைபாஸ் வீலில் துண்டு இல்லாத நாள்

அன்று காலை ஷிப்டில் இருந்தவர்கள்.

என்ஜினீயர் ஒருவர். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். துரை என்போம். காதில் எப்போதும் பஞ்சு இருக்கும்.

மேஸ்திரி ஒருவர். துரையிடம் பயம், எங்களிடம் சத்தம்.

டர்பைன் ஓட்டுகிறவர் ஒருவர். தெலுங்குக்காரர். எங்களில் மூத்தவர். நைனா என்று கூப்பிடுவோம்.

பாய்லரில் தீ பார்க்கிறவர் ஒருவர். தண்டையார்பேட்டை பாய்.

ஆயில்மேன் ஒருவன். கல்யாணம் ஆகி நாற்பது நாள்.

சாம்பல் அள்ளுகிறவர் ஒருவர். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த சேரியிலிருந்து வருவார். அப்போது அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டோம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அவருக்கு இது தெரியப் போவதில்லை.

என் கூட்டாளி. பைபாஸ் வால்வ் அவன் பொறுப்பு.

நான். எனக்கும் அதே பொறுப்பு. அந்த வால்வுக்கு ஷிப்டுக்கு இரண்டு ஆள்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். திருவொற்றியூர் ரோட்டில் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக பவர் ஹவுஸ் இருந்தது. கால்வாய்த் தண்ணீரை இழுத்து ஓடும். கம்பெனி இப்போது இல்லை. பெயர் வேண்டாம்.

பைபாஸ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

பாய்லரில் தண்ணீர் கொதித்து ஸ்டீம் ஆகும். ஸ்டீம் பெரிய குழாய் வழியே வந்து டர்பைனைச் சுழற்றும். டர்பைன் கரண்ட் கொடுக்கும். சுழற்றி முடித்த ஸ்டீம் கீழே கண்டென்சருக்குப் போகும். அங்கே ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்களில் கால்வாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் பட்டதும் ஸ்டீம் திரும்பத் தண்ணீர் ஆகிவிடும். அந்தத் தண்ணீர் மறுபடி பாய்லருக்கு. இது ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கோ லைன் அறுந்து லோடு போய்விட்டால் டர்பைனுக்கு இழுக்கிற வேலை இல்லை. வெறி பிடித்துச் சுற்றும். உடைந்து போகாமல் இருக்க அதன் வாசல் வால்வ் தானாக அடைத்துக்கொள்ளும். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் பாய்லரில் தீ எரிந்துகொண்டே இருக்கும். ஒரு லாரி நிலக்கரி தணலாகக் கிடக்கிறது. அதைக் கண் சிமிட்டுகிற நேரத்தில் அணைக்க முடியாது. ஸ்டீம் வந்துகொண்டே இருக்கும். வாசல் மூடிக்கிடக்கும்.

அப்போது அதற்கு ஒரு வழி வேண்டும். டர்பைனைச் சுற்றிக்கொண்டு நேராகக் கண்டென்சருக்குப் போகிற குழாய்தான் பைபாஸ். வீலைத் திருப்பினால் ஸ்டீம் அந்த வழியே போய்த் தண்ணீராகிவிடும். நல்ல தண்ணீர் வீணாகாது, பாய்லரும் தப்பும். திறக்காவிட்டால் கூரைமேல் இருக்கிற சேஃப்டி வால்வ் தூக்கிக்கொள்ளும். சத்தம் காசிமேடு வரை கேட்கும். பாய்லர் தண்ணீர் ஆகாயத்தில் போகும். துரைக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வரும்.

என் மருமகன் தெற்கே அணு உலையில் பெயிண்ட் வேலைக்குப் போனான். அங்கேயும் பைபாஸ் உண்டாம். நாலைந்து வால்வு. யாரும் வீல் பிடிப்பதில்லை, இரண்டு மூன்று விநாடியில் தானாகத் திறக்குமாம். அணுவின் தீயை நிறுத்தினாலும் சூடு நிற்காது, நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், அதனால் அங்கே பைபாஸ் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்றான். குழாயில் தண்ணீர் தேங்கினால் யார் பார்ப்பது என்று கேட்டேன். அதற்கும் கருவி இருக்கிறதாம்.

எங்களிடம் கருவி இல்லை. ஒரு வடிகுழாய் இருந்தது.

பைபாஸ் குழாய் சும்மா இருக்கிற குழாய். வருஷத்தில் பத்து நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் வால்வ் மூடியிருக்கும். வால்வுக்கு முன்னால் ஸ்டீம் வந்து முட்டி நிற்கும். நின்ற ஸ்டீம் ஆறித் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கக் கூடாது. தேங்கின தண்ணீர்மேல் திடீரென வால்வைத் திறந்தால், ஸ்டீம் அந்தத் தண்ணீரைக் குண்டு மாதிரி தூக்கி அடிக்கும். இரும்பு தாங்காது. அதனால் அடியில் ஒரு வடிகுழாய் வைத்து, அதன் குமிழைக் கொஞ்சம் திறந்தே விட்டிருப்பார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்குப் போகும். எந்த நிமிஷம் கூப்பிட்டாலும் பைபாஸ் சூடாக, காய்ந்து, தயாராக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

சட்டம் அப்படி. நாங்கள் செய்தது வேறு.

ஷிப்டு முடிந்தால் கண்ணும் பல்லும்தான் வெள்ளை. மற்றதெல்லாம் கரி. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. சோப்பு போட்டால் பால் மாதிரி திரியும், நுரை வராது. தெருக்குழாயில் சண்டை போட்டால் ஒரு குடம். ஸ்டீம் ஆறின தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரி. தடவினால் போதும், நுரை கைமுழுக்க வரும். அது சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

யார் முதலில் செய்தார்களோ தெரியாது. நான் சேர்வதற்கு முன்னாலேயே வழக்கம். பத்து மணி வாக்கில் ஒருவன் பைபாஸுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி வடிகுழாயை மூடிவிடுவான். ஒரு மணிக்குள் குழாயில் தண்ணீர் சேர்ந்துவிடும். நீளக் குழாய் ஒன்றை மாட்டி, முனையைப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறப்பான். சீறும். பீப்பாய் சுடச்சுட நிரம்பும். ஷிப்டு முடிந்ததும் எல்லாரும் குளிப்போம். மேஸ்திரியும் குளிப்பார். துரையின் பியூன் வாளி கொண்டு வருவான். துரை ஒன்றும் கேட்டதில்லை.

சாம்பல் அள்ளுகிறவர் அந்தப் பீப்பாயைத் தொடக் கூடாது. மிச்சம் இருந்தால் அவர் குடத்தில் ஊற்றுவோம் என்று பேச்சு. மிச்சம் இருந்ததில்லை.

மூடுவது முறை வைத்து. ஆளுக்கு ஒரு நாள். மூடினவன் தன் துண்டை பைபாஸ் வீலில் கட்டிவிட வேண்டும். துண்டு இருந்தால் வடிகுழாய் மூடியிருக்கிறது, வீலைத் தொடாதே என்று அர்த்தம். துண்டு இல்லாவிட்டால் திறக்கலாம். எழுத்து தெரியாதவனுக்கும் தெரியும். ஏழெட்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று முறை என்னுடையது.

பத்து மணிக்கு மூடினேன். துண்டை வீலில் கட்டினேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கால்வாயில் ஆகாயத்தாமரை வந்து தண்ணீர் இழுக்கிற கம்பிவலையை அடைத்துக்கொண்டது. கூட்டாளி அதை வாரப் போனான்.

பதினொன்றரைக்கு மேஸ்திரி ஓடி வந்தார்.

"துண்ட எட்றா. கல்கத்தா ஆபீஸ்லர்ந்து பெரியவர் வந்துகினு கீறாரு. வீல்ல கோமணம் மாதிரி தொங்குது."

"மூடிக் கீது மேஸ்திரி. எட்த்தா தொறக்கணும்."

"இப்ப தொறந்தா சாக்கடையில பூந்து அவுரு வெள்ள பேண்ட்டு மேல அடிக்கும். அவுரு போவட்டும், அப்பால தொற. துண்ட எடு முதல்ல."

எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பெரியவர் வந்தார். மூக்கில் கைக்குட்டை. நைனாவிடம் ஏதோ கேட்டார். நைனா தெலுங்கில் பதில் சொன்னார். பெரியவருக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார். மேஸ்திரியும் அவர்கள் பின்னாலேயே போனார்.

பன்னிரண்டு மணி. நான் மறக்கவில்லை. பலபேர் மறந்துவிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை. பசி. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதோடு, அப்போது திறந்துவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. அதையும் நினைத்தேன். துண்டைத் திரும்பக் கட்டியிருக்கலாம். ஈரத் தரையில் அதை விரித்து, மேலே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பாதிச் சோறு இருக்கும். டர்பைன் சத்தம் மாறியது. ஏறியது. பிறகு டமால் என்று வாசல் வால்வ் அடைத்துக்கொண்டது. விளக்கெல்லாம் மங்கியது. மழையில் எங்கோ லைன் போயிருந்தது.

பாய் பாய்லரிலிருந்து கத்தினார். "ஏறுது! ஸ்டீம் ஏறுது! ஜல்தி!"

துரை ஆபீசிலிருந்து ஓடி வந்து கையை மேலே காட்டிச் சுற்றினார். பைபாஸைத் திற என்று அர்த்தம்.

நான் சோற்றுக் கையோடு பள்ளத்துக்கு ஓடினேன். வடிகுழாயைத் திறந்தால் போதும். ஏணியில் பாதி இறங்கியபோது மேலே பார்த்தேன். கூட்டாளி வீல் இருக்கிற மேடைமேல் ஏறிவிட்டான். கால்வாய்ப் பக்கத்துக் கதவு வழியே வந்திருக்கிறான். முழங்கால் வரை சேறு. வீலைப் பார்த்தான். துண்டு இல்லை. என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வீலைப் பிடித்தான்.

"வாணாம்! மூடிக் கீது! மூடிக் கீது!"

கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

முதல் அடி பெரிய சம்மட்டியால் குழாயை அடித்த மாதிரி. இரண்டாவது அடியில் மேடை ஆடியது. மூன்றாவதில் வால்வுக்கு அடுத்த இணைப்பு பிய்த்துக்கொண்டது. வெள்ளையாக வந்தது. அவனைக் காணவில்லை.

வெள்ளை குறைந்தது. குறைந்தது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. உள்ளே நின்று வீலைத் திருப்பி மூடியிருக்கிறான். மூடிவிட்டுத்தான் விழுந்தான். அதற்குள் கூரைமேல் சேஃப்டி வால்வ் தூக்கிக்கொண்டது. மழையும் வெந்நீரும் சேர்ந்து கூரைமேல் கொட்டியது.

அவனைத் தூக்கியது நானும் சாம்பல் அள்ளுகிறவரும். மற்றவர்கள் கிட்டே வரவில்லை. வலது கையைப் பிடித்தேன். தோல் என்னோடு வந்தது.

எனக்கு ஒரு காயமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பத்தாவது நாள் பேச விட்டார்கள். வலது கண் போய்விட்டது. வலது கை மடங்கினது நிமிரவில்லை. கழுத்துவரை மஞ்சள் களிம்பு.

"வந்துட்டியா மாமு. குந்து," என்றான்.

குந்தினேன்.

"துண்டு இல்லியேடா."

"மேஸ்திரி எடுக்கச் சொன்னாரு."

"சரி. தண்ணி?"

"தொறக்கல."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்துக் கட்டில்காரன் இருமி முடித்தான்.

"இன்னாடா பண்ணிகினு இருந்த?"

"சோறு துன்னுகினு இருந்தேன்."

"இன்னா கொழம்பு?"

"கருவாடு."

"உன் பொண்டாட்டி கருவாட்டுக்கு நான் வெந்து பூட்டேன்." சிரித்தான். சிரித்தால் கன்னம் இழுத்தது, வலித்தது, நிறுத்தினான். "என் பொட்டில சோப்பு கீது. பாதிதான் தேஞ்சிது. எட்த்துனு போ. எனக்கு இன்னாத்துக்கு."

நான் எடுக்கவில்லை. ஆயில்மேன் எடுத்துக்கொண்டான்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீசில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேனேஜர், துரை, எழுதுவதற்கு ஒரு கிளார்க். கூட்டாளி ஆஸ்பத்திரியில். உள்ளே போவதற்கு முன் மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"குளியல் பேச்சே எட்க்கக் கூடாது. எட்த்தா எல்லாரும் தெருவுல. பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுக்கோ. கேட்டா தெர்லனு சொல்லு. தெர்லன்றது பொய் இல்ல."

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

என்னைக் கேட்டார்கள். வடிகுழாய் மூடியிருந்ததா? தெரியாது. யார் மூடியது? தெரியாது. வால்வைத் திறக்கிறவன் முதலில் வடிகுழாயைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அவன் பார்த்தானா? பார்க்கவில்லை.

கடைசி இரண்டும் உண்மை. அந்த இரண்டும் போதுமாக இருந்தது அவர்களுக்கு.

துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பியூன் கொண்டுபோன வாளி எத்தனை என்று அவருக்கும் தெரியும்.

தப்பு ஆள்மேல் என்று எழுதினார்கள். பாராமல் திறந்தான். அப்படி எழுதினால் நஷ்டஈடு இல்லை, வேலையும் இல்லை. தப்பு ஆள்மேல் இல்லை என்றால் கேட்டில் உட்காருகிற வேலை தருவார்கள். கை போனவனும் ஒற்றைக்கண்ணனும் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். முடிவான உத்தரவு போட மேனேஜர் பதினைந்து நாள் வைத்திருந்தார்.

வடிகுழாய்க் குமிழைத் திறந்த மேனிக்குக் கம்பி போட்டு முறுக்கி ஈயத்தால் முத்திரை வைத்தார்கள். பீப்பாயை எடுத்துப் போனார்கள். கரியோடு வீட்டுக்குப் போனோம்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்சாதி வந்தாள். மீன் கூடை இல்லாமல் அவளை நான் அன்றுதான் பார்த்தேன். கையில் ஒரு பேப்பர். ஹார்பர் கேட்டுக்கு எதிரில் மனு எழுதுகிறவர் எழுதித் தந்தது.

"அண்ணா, நீ படிச்சவன். படிச்சுப் பாரு."

அஞ்சாவது வரை படித்தேன். எங்கள் பக்கத்தில் அது படிப்பு. பேப்பரில் எழுதியிருந்தது இதுதான். குளிப்பதற்காக வடிகுழாயை மூடுவது ஷிப்டில் எல்லாருக்கும் வழக்கம். மேஸ்திரிக்கும் தெரியும். மூடியிருந்தால் துண்டு கட்டுவோம். அன்று துண்டு இல்லை. அவன் மேல் தப்பு இல்லை. கீழே கையெழுத்துப் போடக் கோடுகள்.

"யாரு மூட்னதுன்னு நான் கேக்கல," என்றாள். "அதுவும் அதுல எழ்தல. என் வூட்டுக்காரரு எழ்த வாணாம்னுட்டாரு. எல்லாரும் பண்ணதுன்னு எல்லாரும் போட்டா மொத்த ஷிப்டையும் தொரத்த முடியாதாம். நாளைக்கு பாய்லர யாரு கொளுத்துவாங்கன்னு மனு எழ்தறவரு கேக்கறாரு. நீ முதல்ல போட்டா மத்தவங்க போட்ருவாங்கண்ணா."

என் பெண்சாதி கதவோரம் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. மூத்தது அவள் சேலையைப் பிடித்திருந்தது.

"நாளைக்கு வா. யோசிச்சு சொல்றேன்," என்றேன்.

"இதுல யோசிக்க இன்னாண்ணா கீது?"

பேப்பரை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மற்ற வீடுகளுக்குப் போனாள். அப்புறம் ஒவ்வொருவரும் சொல்லி எனக்குத் தெரியும். நைனா பேப்பரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அழுதாராம். ரிடையராக எட்டு மாசம்தான் பாக்கி, மன்னித்துவிடு என்று திருப்பிக் கொடுத்தாராம். பாய், நோன்பு முடியட்டும் என்றார். ஆயில்மேன் மாமியார் வீட்டுக்கு யானைக்கவுனி போய்விட்டான். மேஸ்திரி வாசலிலேயே நிற்க வைத்து, "இன்னாமே, எல்லாரையும் இட்டுனு போயி கெணத்துல தள்ளப் பாக்கறியா?" என்று கேட்டு அனுப்பினார்.

மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே இருந்தேன். என் பெண்சாதி வெளியே போய், "அவரு இல்ல," என்றாள்.

"செருப்பு கீதே," என்றாள் அவள்.

"வேற செருப்பு போட்டுனு போனாரு."

எனக்கு ஒரு செருப்புதான் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் சத்தமாக, உள்ளே கேட்கிற மாதிரி சொன்னாள். "அண்ணன் வந்தா சொல்லுமே. ஆஸ்பத்திரில அவுரு கேட்டுனு கீறாரு, அண்ணன் ஒழுங்கா சோறு துன்றானான்னு."

அவன் அப்படிக் கேட்டானா, அவளாகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அப்புறம் போகவில்லை.

பதினைந்து நாள் முடிந்து உத்தரவு வந்தது. அவனை எடுத்துவிட்டார்கள். அவன் இடத்தில் புது ஆள் வந்தான். அதே வாரம் சாம்பல் அள்ளவும் வேறு ஆள் வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் பியூனைக் கேட்டேன். மேனேஜர் மேஜைக்கு மனு போனதை அவன் பார்த்திருக்கிறான். அடியில் எங்கள் ஆறு பேருக்கும் ஆறு கோடு போட்டு வைத்திருந்ததாம். மையோடு சாம்பலும் ஒட்டின கட்டைவிரல் ரேகை என்றான்.

நிரம்பியிருந்த கோடு ஒன்று.